சொல்லித் தருவதா? காணச் செய்வதா?

கதையை விரும்பாத குழந்தை உண்டா என்று கேட்டால், இல்லை என்றே எல்லோரும் சொல்வோம். அப்படியொரு குழந்தையை உண்டாக்க முடியும் என்று நான் சொல்கிறேன். வழியும் எளிது. எட்டு வயதுச் சிறுவனிடம் ஒரு கதையைக் கொடுங்கள். ‘பாத்திரங்கள் யாவர்? களம் யாது? சிக்கல் யாது? தீர்வு யாது? நீதி யாது?’ என்று ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஐந்துக்கும் விடையை நீங்களே எழுதிப் போடுங்கள். ‘நாளைக்குள் நெட்டுருப் போட்டு வா’ என்று அனுப்புங்கள். ஓராண்டு இவ்வாறு செய்தால் போதும். பாகற்காயைக் கண்டவன்போல் அவன் கதையைக் கண்டு முகம் சுளிப்பான்.

நம்முள் பலர் இவ்வாறு பயின்றவர்களே. விடைத்தாளில் ஐந்து மதிப்பெண் வந்து சேர்ந்தது; கதை மட்டும் கைநழுவிப் போயிற்று.

கதையின் உறுப்புகளைச் சிறுவர்க்குக் கற்பிக்கவே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. கற்பிக்க வேண்டும். ஆனால் சொல்லித் தருவது வேறு, காணச் செய்வது வேறு. படநூல் ஒன்றைக் கையில் எடுத்து, குழந்தைகளைச் சுற்றி அமர்த்தி, உரக்கப் படித்து, படத்தைக் காட்டி, நடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, மறுபடியும் படித்து, உறுப்புகளை அவர்களே கண்டெடுக்குமாறு செய்ய வேண்டும். நம் குழந்தைகளுக்கு அதைத் தமிழில் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் தமிழில் செய்ய வேண்டும். இதுவே என் கட்சி.

உறுப்புகள் எதற்கு?

கதைக்கு உறுப்புகள் உண்டு என்பது நேற்று முளைத்த கருத்தன்று. தொடக்கம், நடு, முடிவு என மூன்றும் அமைந்ததே முழுமையான கதை என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் சொல்லிச் சென்றார். நம் தொல்காப்பியத்துப் பொருளதிகாரம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று பகுத்துக் காட்டுகிறது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் பறவையும் உணவும் தொழிலும் கரு. மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரி. அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணம் அது. ஆயினும் ஒரு படநூலைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு பொருத்தமாக வந்து அமைகிறது! முதலையும் கருவையும் ஓவியர் தாளில் தீட்டிவிடுகிறார். உரியைத் தீட்ட இயலாது. அதைக் குழந்தைதான் கண்டுகொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தில் உளவியலாரும் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் கிளென் என்னும் இரு பெண்மணிகள் 1979இல் கதைக்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். களம், கதையைக் கிளப்பிவிடும் நிகழ்ச்சி, அது கண்டு பாத்திரத்தின் உள்ளத்தில் எழும் எண்ணம், அவ்வெண்ணத்தால் பிறக்கும் முயற்சி, முயற்சியின் விளைவு, விளைவுக்கு எழும் உணர்ச்சி என்பது அவர்கள் கண்ட வரிசை. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைப் பாருங்கள். உறுப்பு என்றால் தனித்தனியே வெட்டி வைத்த துண்டு என்று பொருளில்லை. ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும். அதனாலேயே அது உறுப்பு.

இந்த அசைவைக் குழந்தை காண வேண்டும். வரையறையை ஒப்பிப்பதால் அதைக் காண முடியுமா? ‘களம் என்பது கதை நிகழும் இடமும் காலமும்’ என்று நூறு முறை எழுதினாலும் காண முடியாது.

நம் ஊர்க் குழந்தைகள்

நான் டோம்பிவிலியில் வசிப்பவள். மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு எட்டாத விலைக்குப் போனபோது, தமிழ்க் குடும்பங்கள் பல மத்திய ரயில்வேயின் தடத்தைப் பிடித்துக்கொண்டு தாணேயைத் தாண்டி இங்கே வந்து குடியேறின. மாதுங்காவில் 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிவிட்டது. மும்பை மாநகராட்சி இன்றும் எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. டோம்பிவிலி அந்த மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே உள்ளது. நான் அறிந்த தமிழ்க் குழந்தைகள் இங்கே ஆங்கிலப் பள்ளிக்குப் போகின்றனர். பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும், விளையாடும் இடத்தில் இந்தி, வீட்டில் தமிழ். பாட்டியிடம் ‘பசிக்குது’ என்று சொல்லத் தமிழ் வரும். ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது?’ என்று பாட்டி கேட்டால், நான்கு வாக்கியம் கோவையாகச் சொல்லத் தமிழ் வராது. பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பேரனுக்கு வரும் இந்தி அவருக்கு வராது. இருவரும் ஒரே அறையில் இருக்கின்றனர். இடையே ஒரு கதை கூடப் போய்வருவதில்லை.

இக்குறையைப் பெற்றோர் உணராமல் இல்லை. உணர்ந்து அவர்கள் செய்வது என்ன? ஞாயிறுதோறும் எழுத்து வகுப்பு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 கதவுகள். அத்தனையையும் திறந்து முடித்த பிறகே கதை என்னும் கூடத்துக்குள் நுழைய முடியும் என்பது ஏற்பாடு. ஙகர வரிசை வருமுன்னே குழந்தைக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது!

எழுத்து வேண்டாம் என்று யார் சொன்னார்? எழுத்து மட்டும் போதாது என்கிறேன். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986இல் ஒரு சிறு சமன்பாட்டைத் தந்தனர். எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறன் ஒன்று. மொழியைக் கேட்டுப் பொருள் கொள்ளும் திறன் ஒன்று. படித்துணரும் ஆற்றல் இவ்விரண்டின் பெருக்கற்பலன் என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல். அறிவியல் மாணவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ? இரண்டில் ஒன்று சுழியானால் பலனும் சுழியே. 247 எழுத்தையும் பிழையற ஒலிக்கும் குழந்தைக்குக் கேட்டறிந்த தமிழ் இல்லையென்றால், அது ஓசையை மட்டுமே வாசிக்கும். கேள்வித் தமிழை வளர்க்க வல்லது எது? உரக்கப் படித்துக் காட்டும் கதையே. அதற்கு ஓர் எழுத்துக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சொல்லாத நரி

எங்கள் சொசைட்டியின் அலுவலக அறையில் ஞாயிறு காலை பாய் விரித்து ஏழெட்டுக் குழந்தைகளுக்கு நான் படநூல் படித்துக் காட்டுகிறேன். ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்கள். அங்கே கண்டவற்றையே இங்கே சான்றாகத் தருகிறேன்.

இங்கிலாந்து நாட்டு பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோஸிஸ் வாக்’ என்பது ஒரு புகழ்பெற்ற படநூல். நூல் முழுவதற்கும் ஆங்கிலத்தில் 32 சொற்களே. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவி வீடு திரும்புகிறது. சொற்கள் சொல்லும் செய்தி அவ்வளவுதான். ஆனால் படத்தில் ஒரு நரி பின்தொடர்ந்து வருகிறது! நரி என்ற சொல் நூலில் ஓரிடத்திலும் இல்லை. கோழியைப் பிடிக்கப் பாயும்போதெல்லாம் நரி ஏதேனும் ஓர் இடரில் மாட்டிக்கொள்கிறது, குளத்தில் விழுகிறது, மாவு தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழி திரும்பியே பார்க்கவில்லை.

இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். கோழியைப் பற்றி மட்டுமே சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறுவன் துள்ளி எழுந்து, “கோல்ஹா! கோல்ஹா!” என்று கூவினான். அது நரிக்கு மராத்திச் சொல். “தமிழ்ல நரிடா,” என்று இன்னொருத்தி திருத்தினாள். “அக்கா, நீங்க ஏன் நரியைச் சொல்லவே மாட்டேங்கிறீங்க?” என்று மூன்றாவது குழந்தை என்மேல் குற்றம் சாட்டியது. அடுத்த பக்கத்திலிருந்து கதையை அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டனர். என் குரல் அங்கே எடுபடவில்லை.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். ‘சிக்கல்’ என்னும் கதையுறுப்பை இதைவிடத் தெளிவாக எந்த வரையறை கற்பிக்கும்? சிக்கலை நான் சொல்லவில்லை. அவர்கள் கண்டார்கள். கண்டதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லத் தமிழ் தேவைப்பட்டது, தேடினார்கள், ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார்கள். பாத்திரத்துக்குத் தெரியாத செய்தி கேட்பவனுக்குத் தெரிந்திருப்பதே கதையின் சுவை என்னும் நுட்பத்தைக்கூட ஐந்து வயதுக் குழந்தை அங்கே அனுபவித்தது. அதற்குப் பெயர் வைப்பதைப் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு தங்கையரும் ஒரு சோதனையும்

நான் முதுநிலையில் இயற்பியல் பயில்பவள். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளின் பங்கு என்ன என்று அறிய வேண்டுமானால் அதை மட்டும் மாற்று. மற்ற எல்லாவற்றையும் மாறாமல் நிறுத்து. அப்போது விளைவு மாறினால், மாற்றத்துக்குக் காரணம் அதுவே.

இப்பாடத்தை ஒரு கதை எவ்வளவு அழகாகக் கற்பிக்கிறது என்பதைச் சொல்கிறேன். சென்னையில் 1996இல் தொடங்கிய துளிகா பதிப்பகத்தின் படநூல்களில் ‘எக்கி தோக்கி’ ஒன்று. சந்தியா ராவ் எழுதியது. ரஞ்சன் டே வரைந்தது. மராத்திய நாட்டு நாடோடிக் கதை அது, தமிழிலும் கிடைக்கிறது. மகாராட்டிர மண்ணில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இதைவிட ஏற்ற நூல் வேறு எது? அக்கா தங்கை இருவர். ஒருத்தி தலையில் ஒரு முடி. மற்றவள் தலையில் இரண்டு முடி. மராத்தி படிக்கும் எங்கள் பிள்ளைகள் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்கள். ஏக், தோன் என்றால் ஒன்று, இரண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு முடிக்காரிக்குச் செருக்கு மிகுதி. ஒரு முடிக்காரி காட்டுக்குப் போகிறாள். வழியில் உதவி கேட்டவர்க்கு நின்று உதவுகிறாள். ஒரு பாட்டியைக் காண்கிறாள். தலை நிறையக் கூந்தலோடு திரும்புகிறாள். மற்றவளும் அதே காட்டுக்கு விரைகிறாள். இருந்த இரண்டு முடியும் போகிறது.

காடு ஒன்று. வழி ஒன்று. பாட்டியும் ஒருத்தியே. மாறியது போனவள் மட்டும். முடிவோ தலைகீழ்! இது கட்டுப்பாட்டுச் சோதனை அல்லாமல் வேறென்ன? ‘பாத்திரத்தின் குணமே முடிவை மாற்றியது’ என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முறை படித்து முடித்தபோது ஆறு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ரெண்டு பேரும் ஒரே காட்டுக்குத்தானே போனாங்க? அவளுக்கு மட்டும் ஏன் முடி வரல?” நான் வாய் திறக்கவில்லை. படங்களைத் திருப்பிக் காட்டினேன். சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: “இவ நிக்கவே இல்ல அக்கா. ஓடிட்டே இருந்தா.”

பாத்திரம் என்றால் என்ன என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் வேறோர் உறுப்பை மாற்றினோம். “காடு வேண்டாம். டோம்பிவிலி ஸ்டேஷன் பாலத்துல இந்தக் கதை நடந்தா?” என்று கேட்டேன். காலை எட்டரை மணி என்றார்கள். வழியில் உதவி கேட்பது வடாபாவ் விற்கும் பாட்டி என்றார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாகக் கட்டிக்கொண்டு போகையில் ஒன்பது வயதுப் பையன் தடுத்தான். “பாலத்துல நின்னா பின்னாடி இருக்கிறவங்க தள்ளிடுவாங்க. நல்லவளா இருந்தாலும் நிக்க முடியாது.” ஒரு கணம் வாயடைத்துப் போனேன். களம் என்பது நாடகத்துக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலை அன்று. அது பாத்திரத்தைப் பிடித்துத் தள்ளும் ஆற்றல் உடையது என்பதை அவன் தன் ஊரிலிருந்தே கண்டெடுத்துக் கொடுத்தான். அதன்பின் அவர்களுக்குள் எழுந்த வாதம் அரைமணி நேரம் நீடித்தது. நிற்க முடியாத இடத்தில் எப்படி உதவுவது? கேள்வி முழுவதும் தமிழில் நடந்தது. இடையிடையே இந்தி வந்தது, வரட்டும். சொல் கிடைக்காத இடத்தில் நான் கொடுத்தேன். கொடுத்த சொல்லை மறக்கவில்லை. தேவைப்பட்ட வேளையில் கிடைத்த சொல் அல்லவா?

செய்யும் முறை

இம்முறை என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பாரும் அவர் குழுவினரும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் வீடுகளை இரண்டு குழுவாகப் பிரித்தனர். இரண்டிலும் படநூல் படித்துக் காட்டினார்கள். ஒரு குழுவில் மட்டும் பெற்றோர்க்குச் சிறு பயிற்சி தந்தனர்: ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை விடுத்து, ‘என்ன, ஏன், எப்படி’ என்று கேளுங்கள், குழந்தை சொன்னதைச் சற்றே வளர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு மாதமே இது நடந்தது. முடிவில் அக்குழுக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே நின்றனர். நூல் எல்லா வீட்டிலும் இருந்தது. படித்த முறையே வேறுபாட்டை உண்டாக்கிற்று.

ஆகவே செய்ய விரும்புவோர்க்குச் சில சொல்வேன். முதலில் நூலை வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்; எங்கே நிறுத்துவது என்பது அப்போதுதான் தெரியும். அட்டைப் படத்தைக் காட்டி, ‘இது யாரைப் பற்றிய கதையாக இருக்கும்?’ என்று கேளுங்கள். முதல் வாசிப்பில் கதை ஓடட்டும். பக்கம் திருப்புமுன் ஒரே ஒரு முறை, ‘இனி என்ன ஆகும்?’ என்று நிறுத்தினால் போதும். இரண்டாம் வாசிப்பில் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ‘எங்கே?’ என்றால் இன்று முழுவதும் எங்கே. ஐந்தையும் ஒரே நாளில் திணித்தால் பழைய கரும்பலகைக்கே திரும்பிவிடுவோம். மூன்றாம் முறை நூலை மூடிவைத்து அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒன்றை மாற்றிப் பாருங்கள். ‘பாத்திரம்’, ‘களம்’, ‘சிக்கல்’ என்னும் பெயர்களைக் கடைசியில் கொடுங்கள். பொருளைக் கையில் பிடித்தவனுக்குப் பெயர் சுமையாகாது.

நீதியை மட்டும் கேட்காதீர்கள். ‘இதனால் என்ன தெரிகிறது?’ என்று கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று கைகட்டிக்கொள்கிறார்கள். வகுப்பறை முகம் வந்துவிடுகிறது. ‘அவள் ஏன் அப்படிச் செய்தாள்?’ என்று கேளுங்கள். நீதி தானே வந்து உட்காரும்.

புதிய வழி அன்று, பழைய வழி

படத்தைக் காட்டிக் கதை சொல்வது மேனாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர் உளர். இம்மகாராட்டிரத்திலேயே சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளி என்னும் சிற்றூரில் ‘சித்ரகதி’ என்றொரு கலை உண்டு. தாளில் தீட்டிய படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, இசையோடு கதை சொல்லும் தாக்கர் இனத்தாரின் கலை. அதனை வாழவைத்தமைக்காகப் பரசுராம் கங்காவனே 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்னொரு செய்தி உங்களை வியப்பிலாழ்த்தும். நம் தமிழகத்தில் தோற்பாவைக் கூத்து நடத்தும் கலைஞர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மராத்தி! இங்கிருந்து தென்னாடு சென்ற குலத்தார் அவர்கள். வீட்டில் ஒரு மொழி. திரைக்குப் பின்னிருந்து ஊராருக்குச் சொல்வது தமிழ்க் கதை. அங்கே புலம்பெயர்ந்த மராத்தியர் படத்தையும் குரலையும் கொண்டு தமிழில் கதை சொல்ல முடிந்தது. இங்கே புலம்பெயர்ந்த தமிழர் நம் சொந்தப் பிள்ளைகளுக்கு அதைச் செய்ய முடியாதா?

தடைகளும் விடைகளும்

‘படம் இருந்தால் குழந்தை சோம்பிவிடும், எழுத்தைப் பாராது’ என்பது ஒரு தடை. நரியைக் கண்டவன் சோம்பினானா? படம் விடையைத் தந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். நல்ல படநூலில் படம் ஒன்று சொல்லும், சொல் மற்றொன்று சொல்லும். இரண்டையும் இணைக்கும் வேலை குழந்தைக்கு. மேலும், எட்டு வாரம் கேட்ட பின், எங்கள் பிள்ளைகளில் இருவர் ‘நரி’ என்பதை எப்படி எழுதுவது என்று தாமே கேட்டார்கள். ‘ந’வும் ‘ரி’யும் வேண்டப்பட்ட எழுத்துகளாக வந்து சேர்ந்தன.

‘தமிழில் கற்ற கதையறிவு ஆங்கிலப் பள்ளித் தேர்வுக்கு உதவுமா?’ என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியே. கனடா நாட்டு ஜிம் கமின்ஸ் போன்ற அறிஞர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு விடை: ஒரு மொழியில் ஆழப் பெற்ற அறிவு மற்றொரு மொழிக்குத் தாவிச் செல்லும். சிக்கல் என்றால் என்ன என்று நரியைக் கொண்டு அறிந்தவன், ஆங்கிலப் பாடத்தில் அதை மறுபடி அறியவேண்டியதில்லை. பெயரை மட்டும் கற்றால் போதும்.

‘நூலுக்குப் பணம்?’ என்பது மூன்றாம் தடை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படநூல்கள், படிக்கும் நிலைவாரியாகப் பிரித்து, விலையின்றியே கிடைக்கின்றன. எடுத்து அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்துள்ளது. துளிகா, தாரா போன்ற பதிப்பகங்களின் நூல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. நூல் இல்லை என்ற குறையை இனிச் சொல்ல இயலாது. படித்துக் காட்டும் வாய் இல்லை என்பதே குறை.

நாம் செய்யத்தக்கது

அந்த வாய் யாருடையது? நம்முடையதுதான், நண்பர்களே!

நம் மன்றம் ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுக்கிறது. பட்டிமன்றம் நடத்துகிறோம், கவியரங்கம் கூட்டுகிறோம், மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். வேண்டியதே, நானும் முழங்கியவள்தான். ஆனால் தமிழ் வாழும் இடம் மேடையன்று. தாராவிச் சந்திலும் செம்பூர்க் குடியிருப்பிலும் டோம்பிவிலி மூன்றாம் மாடியிலும் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே அது இந்நேரம் மெல்லிய நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழை அறுந்தால், இருபது ஆண்டு கழித்து நம் விழாவுக்கு வந்து கைதட்டுவோர் யார்?

ஆகவே மன்றத்தின் முன் ஒரு சிறு கோரிக்கையை வைக்கிறேன். இவ்வாண்டு விழாச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து முப்பது தமிழ்ப் படநூல்கள் வாங்குவோம். ஒரு பெட்டியில் இட்டு மன்ற அறையில் வைப்போம். இங்கே பயில்வோர் தத்தம் பகுதிக்கு ஐந்தைந்து நூல்கள் எடுத்துச் சென்று, மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு மணி நேரம், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டட்டும். தமிழ் இலக்கியம் பயில்வோர் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. வேதியியல் படிப்பவர் வரலாம். கணக்குப் படிப்பவர் வரலாம். ‘ஒன்றை மாற்று, மற்றதை நிறுத்து’ என்று கேட்கத் தெரிந்தவர்க்குக் கதை நன்றாகவே வசப்படும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் வரலாம். குழந்தைகளோடு அவரும் கற்றுக்கொள்வார்.

ஒரு மணி நேரம்! டோம்பிவிலியிலிருந்து வளாகத்துக்கு ஒருமுறை வந்துசேரும் நேரம்கூட அன்று. அதற்குள் ஒரு குழந்தை ஒரு நரியைக் காணும். ஒரு கேள்வி கேட்கும். அன்று மாலை பாட்டியிடம் போய் நான்கு வாக்கியம் கோவையாகச் சொல்லும். யார், எங்கே, என்ன ஆயிற்று, பிறகு என்ன ஆயிற்று என்று பாட்டி கேட்பார். அவர் எந்தப் பயிற்சியும் பெறாதவர். ஆனால் கதையின் உறுப்புகள் அத்தனையையும் அவர் கேட்டுவிடுவார்.

பெட்டிக்குப் பொறுப்பேற்க நான் அணியமாயிருக்கிறேன். உடன் வருவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.